இருபதுக்கு ஒன்று: இரத்தத்தின் அமிலக் கணக்கு

திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கடலிலோ கொட்டியாரக் குடாவிலோ மூச்சடக்கி இறங்குகிறவருக்கு ஒரு கட்டத்தில் நெஞ்சு உதைக்கும். உடனே மேலே போ என்று உடல் நெருக்கும். ஒட்சிசன் தீர்ந்துவிட்டதால் வரும் நெருக்கல் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் இரத்தத்தில் ஒட்சிசன் இன்னும் இருக்கும். நெருக்குவது அமிலம். வெளியேற வழியில்லாமல் தேங்கும் காபனீரொட்சைட்டு மூளைத்தண்டைச் சூழ்ந்த நீரில் கரைந்து அதைச் சற்றே அமிலமாக்குகிறது. அங்குள்ள உணரிகள் மூச்சு மையத்தை உலுக்குகின்றன. சாதாரண நாளில் மூச்சை ஓட்டுவது அமிலக் கணக்குத்தான். ஒட்சிசன் நன்றாகக் குறைந்த பிறகே கழுத்துத் தமனியருகே உள்ள உணரிகள் உரத்துப் பேசத் தொடங்கும்.

இது தெரியாமல் செய்யும் ஒரு வேலை சுழியோடிகளின் உயிரை எடுக்கிறது. இறங்குவதற்கு முன் இருபது முப்பது தடவை வேகவேகமாக மூச்சு விட்டுக் 'காற்றை நிரப்பி'க்கொள்வார்கள். ஈமோகுளோபின் ஏற்கெனவே 97, 98 வீதம் நிரம்பிக் கிடக்கிறது. அதற்கு மேல் ஏற இடமில்லை. உண்மையில் நடப்பது வேறு: இரத்தத்தில் காபனீரொட்சைட்டின் அழுத்தம் 40 இரச மில்லிமீற்றரிலிருந்து இருபதுகளுக்கு இறங்கிவிடுகிறது. நெருக்கல் வருவதற்கு அது 50ஐ அண்மிக்க வேண்டும். அந்தத் தூரம் இப்போது நீண்டுவிட்டது. அதைக் கடக்கும் முன் ஒட்சிசன் தீர்ந்துபோகிறது. 10 மீற்றர் ஆழத்தில் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு அழுத்தம் இருப்பதால் அடியில் இருக்கும்வரை மிச்ச ஒட்சிசன் போதுமானதாக இருக்கும். மேலே வர வர அழுத்தம் பாதியாக, கடைசிச் சில மீற்றரில் நினைவு தப்பும். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது, ஏனெனில் அறிவிக்க வேண்டிய அமிலத்தை அவரே முன்கூட்டி ஊதித் தள்ளிவிட்டார். இரண்டு மூன்று ஆழ்ந்த மூச்சுக்கு மேல் வேண்டாம். நீருக்குள் இருந்த நேரத்தின் இரண்டு மடங்காவது மேலே இளைப்பாற வேண்டும். மேலே வந்தவரைத் துணையாள் அரை நிமிடமாவது கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். தனியே போகவே கூடாது.

ஒரு வாயு எப்படி அமிலமாகிறது, அதை உடல் எப்படி இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைக்கிறது என்பதுதான் இங்கே விடயம்.

எவ்வளவு சிறிய அளவு

அமிலத்தன்மை என்றால் கரைசலில் சுதந்திரமாக உலாவும் ஐதரசன் அயன்களின் செறிவு. 1909இல் கோபன்ஹேகனில் காள்ஸ்பேர்க் பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில் இருந்த சோரன்சன், பூச்சியங்களை எழுதிக் களைக்காமலிருக்க பிஎச் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார். எழுத வசதி, ஆனால் அது பெரிய மாற்றத்தைச் சின்னதாகக் காட்டி ஏமாற்றும். இரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை. 7.4 என்றால் ஒரு லீற்றரில் 40 நனோமோல் ஐதரசன் அயன். 7.1 என்றால் 80. பிஎச் 0.3 குறைந்தால் அமிலம் இரட்டிப்பாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 6.8க்குக் கீழும் 7.8க்கு மேலும் உயிர் தங்குவது அரிது. அதாவது ஏறத்தாழ 160 நனோமோலுக்கும் 16 நனோமோலுக்கும் இடைப்பட்ட பரப்பு மட்டுமே நமக்கு உரியது.

அதே லீற்றரில் சோடியம் 140 மில்லிமோல் இருக்கிறது, ஐதரசன் அயனைப் போல 35 இலட்சம் மடங்கு. இவ்வளவு அற்பமான ஒன்றுக்கு ஏன் இத்தனை காவல்? ஐதரசன் அயன் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றின் மின்னேற்றத்தை மாற்றும். மின்னேற்றம் மாறினால் வடிவம் மாறும். வடிவம் மாறினால் நொதியம் வேலை செய்யாது. 7.2க்குக் கீழே போனால் இதயம் தளர்ந்து அடிக்கிறது, ஏற்றும் அதிரினலினுக்கும் சரியாக இணங்குவதில்லை. 7.6ஐத் தாண்டினால் கைகால் இழுப்பு, வலிப்பு, ஒழுங்கற்ற இதயத்துடிப்பு.

இந்த 40 நனோமோலுக்கு எதிரே உடல் தினமும் உண்டாக்கும் அமிலத்தைப் பாருங்கள். உணவை எரிப்பதால் வரும் காபனீரொட்சைட்டு நாளொன்றுக்கு 13,000 முதல் 15,000 மில்லிமோல். அது வாயுவாகி வெளியேறும். வாயுவாக முடியாத அமிலம், முக்கியமாகப் புரதத்திலுள்ள கந்தகத்திலிருந்து வரும் சல்பூரிக் அமிலம், உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 1 மில்லிமோல். 70 கிலோ ஆளுக்கு 70. முதலாவது நுரையீரலின் கணக்கு, இரண்டாவது சிறுநீரகத்தின் கணக்கு. ஒன்று மற்றொன்றின் வேலையை முழுதாகச் செய்யமாட்டாது.

திறந்த வாசல்

அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பிஎச் சட்டென்று மாறாமல் தாங்கிக்கொள்வது தாங்கல். இரத்தத்தின் முதன்மையான தாங்கல் இருகாபனேற்று. காபனீரொட்சைட்டு நீருடன் சேர்ந்து காபோனிக் அமிலமாகி, அது ஐதரசன் அயனாகவும் இருகாபனேற்றாகவும் பிரிகிறது. இரண்டு திசையிலும் நடக்கக்கூடிய தாக்கம். செங்குருதிக் கலத்துக்குள் உள்ள ஒரு நொதியம் இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவைக்கிறது. இழையங்களிலிருந்து வரும் காபனீரொட்சைட்டில் பெரும்பகுதி இப்படி இருகாபனேற்றாகி, குளோரைட்டுக்கு இடம்மாறிக் கலத்தை விட்டு வெளியேறி, நுரையீரலில் மறுபடி வாயுவாகிறது. வழியில் மிஞ்சும் ஐதரசன் அயனை, ஒட்சிசனை இறக்கிவிட்ட ஈமோகுளோபின் பிடித்து வைத்துக்கொள்கிறது.

1908இல் ஹென்டர்சன் இந்தச் சமநிலையைச் சமன்பாடாக எழுதினார். சில ஆண்டுகள் கழித்து ஹாசல்பால் அதை மடக்கை வடிவத்துக்குக் கொண்டுவந்தார். சமன்பாட்டை மனப்பாடம் செய்தவர்களிலும் பலர் தவறவிடும் சங்கதி, அதில் தனித்தனி அளவுகளுக்கு மதிப்பில்லை, விகிதத்துக்கே மதிப்பு என்பது. சாதாரணமாக இருகாபனேற்று லீற்றருக்கு 24 மில்லிமோல். கரைந்த காபனீரொட்சைட்டு 1.2 (அழுத்தமான 40ஐ 0.03ஆல் பெருக்கினால் வருவது). விகிதம் 20க்கு 1. 20இன் மடக்கை 1.3, அதோடு மாறிலி 6.1ஐக் கூட்டினால் 7.4. இருகாபனேற்று 12 ஆகிக் காபனீரொட்சைட்டும் பாதியானால் பிஎச் இன்னும் 7.4தான். ஆள் நோயாளி, பிஎச் சுகம்.

தாங்கலின் மாறிலி 6.1, இரத்தமோ 7.4. இரசாயன வகுப்பில் இப்படி ஒரு தாங்கலைத் தெரிவுசெய்தால் ஆசிரியர் புள்ளி குறைப்பார்; மாறிலிக்கு அருகில்தான் தாங்கல் பலமாக இருக்கும். உடலில் இது வெற்றிகரமாக ஓடுவதற்குக் காரணம், குடுவை மூடியில்லாமல் இருப்பது.

ஒரு கணக்குப் போடுவோம். மற்றத் தாங்கல்களை ஒதுக்கிவைத்து, ஒரு லீற்றர் இரத்தத்தில் 12 மில்லிமோல் வலிய அமிலத்தைச் சேர்க்கிறோம். அதே அளவு இருகாபனேற்று செலவாகி 12 மிஞ்சும். 12 காபனீரொட்சைட்டு புதிதாக உண்டாகும். மூடிய குடுவையாக இருந்தால் அது ஏற்கெனவே உள்ள 1.2உடன் சேர்ந்து 13.2. பிஎச் 6.06. மரணம். வாசல் திறந்திருந்து, உபரி வாயு முழுவதும் நுரையீரல் வழியே போய் அழுத்தம் 40இல் நின்றால் 12க்கு 1.2, பிஎச் 7.10. அதோடு நிற்காமல் மூச்சு வேகமெடுத்து அழுத்தத்தை 26க்கு இறக்கினால் பிஎச் 7.29. சேர்த்த அமிலம் மூன்றிலும் ஒன்றே. மாறியது மூச்சு மட்டும்.

மூச்சு எவ்வளவு இறங்கினால் சரி என்பதற்கு வைத்தியசாலை வாட்டில் பயன்படும் குறுக்குக் கணக்கு ஒன்று உண்டு: இருகாபனேற்றை ஒன்றரையால் பெருக்கி 8ஐக் கூட்டுங்கள், 2 கூடலாம், குறையலாம். இருகாபனேற்று 12 என்றால் 18ஓடு 8, 26. அளந்த காபனீரொட்சைட்டு இதைவிட உயர்ந்திருந்தால் நுரையீரல் தன் பங்கைச் செய்யவில்லை; ஆள் களைத்துவிட்டார், அல்லது மார்பில் இரண்டாவது நோய் இருக்கிறது. மிகத் தாழ்ந்திருந்தால் மூச்சை வேறேதோ தூண்டுகிறது: கிருமிக் காய்ச்சல், அஸ்பிரின் நஞ்சு, பயம். எதிர்வினை சில நிமிடத்தில் தொடங்கி, முழு அளவை எட்ட அரை நாள் முதல் ஒரு நாள் பிடிக்கும்.

விகிதத்தை மறந்து ஓர் எண்ணை மட்டும் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1952 கோபன்ஹேகன் சாட்சி. இளம்பிள்ளைவாதம் பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் பிளக்டாம் வைத்தியசாலையில் குவிந்தார்கள். அவர்களின் இரத்தத்தில் இருகாபனேற்று ஏறியிருந்தது. இருகாபனேற்று காரம்; ஆகவே காரம் மிகுந்த நிலை, காரணம் விளங்கவில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். மயக்கமருந்து நிபுணர் பியோன் இப்சன், மூச்சு விட முடியாமல் காபனீரொட்சைட்டு தேங்கியதாலேயே அது ஏறியிருக்கிறது, இரத்தம் உண்மையில் அமிலமாக இருக்கும் என்றார். ஆய்வுகூடத்தில் பூல் ஆஸ்ட்ரப் பிஎச்சை அளந்தபோது இப்சன் சொன்னதே சரி என்று தெரிந்தது. 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டு, குழாய் இறக்கி, பையை அமுக்கி மூச்சுக் கொடுத்துப் பிழைக்க வைத்தார் இப்சன். பிறகு ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைபோட்டுக் கையால் பை அமுக்கினார்கள். இன்று நாம் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு என்று சொல்வதன் ஒரு வேர் அங்கே இருக்கிறது.

சிறுநீரகத்தின் பொறுமை

சிறுநீரகம் நாளொன்றுக்கு 180 லீற்றர் வடிக்கிறது. லீற்றருக்கு 24 மில்லிமோல் என்ற கணக்கில் 4,320 மில்லிமோல் இருகாபனேற்று வடிநீரில் இறங்கிவிடுகிறது. ஒரு நாள் அதை விட்டுவிட்டால் முடிந்தது கதை. ஆகவே முதல் வேலை, விழுந்ததைப் பொறுக்கி எடுப்பது. முதல் வளைகுழாயிலேயே ஐந்தில் நான்கு பங்கு மீண்டுவிடுகிறது. மிச்சம் அடுத்தடுத்த பகுதிகளில்.

இரண்டாவது வேலை அந்த 70 மில்லிமோல் அமிலத்தை வெளியேற்றி, அதற்குச் செலவான இருகாபனேற்றைப் புதிதாக ஆக்கிக் கொடுப்பது. சிறுநீர் எவ்வளவு அமிலமானாலும் பிஎச் 4.5க்குக் கீழே போவதில்லை. அந்த 4.5இல் லீற்றருக்குச் சுதந்திரமான ஐதரசன் அயன் வெறும் 0.03 மில்லிமோல். 70 மில்லிமோலை அப்படியே அனுப்புவதென்றால் தினமும் 2,000 லீற்றருக்கு மேல் சிறுநீர் கழிக்க வேண்டும்! அதனால் அமிலம் மூட்டை கட்டி அனுப்பப்படுகிறது. ஒரு பகுதி பொசுபேற்றில் ஏறிப் போகிறது, ஆனால் பொசுபேற்றின் அளவு சாப்பாட்டைப் பொறுத்தது, நினைத்தபோது கூட்ட முடியாது. மற்றப் பகுதி அமோனியாவில். குளுட்டமைன் என்ற அமினோ அமிலத்தை உடைத்துச் சிறுநீரகமே அமோனியாவைச் செய்துகொள்கிறது. அமிலம் கூடினால் சில நாட்களில் உற்பத்தியைக் கூட்டி, வழமையான 30, 40 மில்லிமோலிலிருந்து 200க்கு மேலும் கொண்டுபோகும். ஆலையை விரிவாக்க 3 முதல் 5 நாள் தேவை. சிறுநீரகம் மந்தமானது என்று சொல்வது இதனால்தான்.

சிறுநீரகம் பழுதாகும்போது முதலில் கையைவிட்டுப் போவது இந்த அமோனியா ஆலை. வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் தெளிவாகாத நீடித்த சிறுநீரக நோய் முக்கியமாகக் குழாய்ப் பகுதியைத் தாக்குவது. திருகோணமலை மாவட்டத்தின் வடமேற்கு ஓரமான பதவி சிறிபுர அந்த வலயத்தை ஒட்டிக் கிடக்கிறது. இருகாபனேற்று மெல்ல மெல்ல இறங்கும்போது நோயாளிக்குப் பெரிதாக எதுவும் தெரியாது. உடல் எலும்பிலிருந்து காரத்தைக் கடன் வாங்குகிறது, தசைப் புரதத்தைக் கரைக்கிறது. சோடியம் இருகாபனேற்று வில்லை கொடுப்பது இதற்காக. 500 மில்லிகிராம் வில்லை ஒன்றில் 6 மில்லிமோல். இரத்தத்தில் இருகாபனேற்று 22க்குக் குறைந்தால் தொடங்குவது பல ஆண்டு வழக்கம். 2024இல் வந்த சர்வதேச வழிகாட்டி 18க்குக் கீழே இறங்க விடாதீர்கள் என்று சற்றுத் தளர்த்தியிருக்கிறது. வில்லையோடு சோடியமும் உள்ளே போகிறது என்பதால் கால் வீக்கத்தையும் பிரஷரையும் கவனிக்க வேண்டும்.

வயிற்றோட்டமும் சத்தியும்

இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு வரலாம். அமிலக் கணக்கில் இரண்டும் எதிரெதிர்த் திசை.

குடலின் சுரப்புகள் காரம் கலந்தவை. வயிற்றோட்டத்தில் இருகாபனேற்று மலத்தோடு போய்விடுகிறது, இரத்தம் அமிலமாகிறது. இழந்த இருகாபனேற்றின் இடத்தைக் குளோரைட்டு நிரப்பிக்கொள்வதால், சோடியத்திலிருந்து குளோரைட்டையும் இருகாபனேற்றையும் கழித்தால் வரும் இடைவெளி வழமையான 8 முதல் 12 வரைக்குள்ளேயே இருக்கும். இதே கழித்தலில் 20, 25 வந்தால், கணக்கில் காட்டாத அமிலம் ஏதோ உள்ளே புகுந்திருக்கிறது: கீற்றோன் அமிலம், லக்டிக் அமிலம், கழிவு தேங்கிய சிறுநீரகம், அல்லது கள்ளச்சாராயத்தில் கலந்த மெதனோல். மெதனோல் ஈரலில் போமிக் அமிலமாகிக் கண்ணைக் கெடுப்பது அந்த வரிசையில் மிகக் கொடியது.

வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பொதியில் இந்தக் கணக்கு அடங்கியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய கலவையில் ஒரு லீற்றருக்குக் கறியுப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5, பொற்றாசியம் குளோரைட்டு 1.5, சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். கடைசியாகச் சொன்னதுதான் அமில மருந்து. ஈரல் சித்திரேற்றை எரிக்கும்போது ஒவ்வொன்றும் மூன்று ஐதரசன் அயன்களை விழுங்கும். 10 மில்லிமோல் சித்திரேற்று 30 மில்லிமோல் இருகாபனேற்றுக்குச் சமம். ஆரம்பகாலக் கலவையில் இருகாபனேற்றையே போட்டிருந்தார்கள். வெக்கையும் ஈரப்பதனும் உள்ள நாடுகளில் பொதி கட்டிபட்டுக் குளுக்கோசு பழுப்பேறியதால் 1980களில் சித்திரேற்றுக்கு மாறினார்கள். கடற்காற்று எந்நேரமும் வீசும் நம் ஊருக்கு அது நல்ல மாற்றம்.

பிழைகள் பெரும்பாலும் தண்ணீர் அளவில் நடக்கின்றன. ஒரு லீற்றர்ப் பொதியை ஒரு தேநீர்க் கோப்பையில் கரைத்துக் கொடுத்தால் உப்பு செறிந்து, குடலே நீரை உள்ளிருந்து இழுத்து வயிற்றோட்டம் கூடும். பிள்ளைக்கு வலிப்பும் வரலாம். கொதித்தாறிய நீரில் கரைக்க வேண்டும், கரைத்த பிறகு சூடாக்கக் கூடாது, 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை போன பின்னும் 50 முதல் 100 மில்லிலீற்றர், சிறிது சிறிதாகக் கரண்டியால். செவ்விளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஜீவனியின் இடத்தை அது எடுக்காது, சிறுநீரக நோயாளிக்கோ ஆபத்தே.

சத்தி எடுப்பதில் இரைப்பையின் ஐதரோகுளோரிக் அமிலம் போகிறது, இரத்தத்தில் காரம் மிஞ்சுகிறது. சிறுநீரகம் உபரி இருகாபனேற்றைக் கழித்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் நீரிழந்த உடலில் சிறுநீரகம் முதலில் காப்பது சோடியத்தையும் நீரையும். கூடவே அனுப்பக் குளோரைட்டு இல்லாததால் சோடியத்தை இருகாபனேற்றோடு சேர்த்து உள்ளிழுத்து, பதிலுக்கு ஐதரசன் அயனையும் பொற்றாசியத்தையும் வெளியே தள்ளுகிறது. இரத்தம் காரமாக இருக்கச் சிறுநீர் அமிலமாகப் போகும் விசித்திரம் இப்படித்தான் வருகிறது. மருந்து சாதாரண சேலைன்: குளோரைட்டு, நீர், தேவைக்குப் பொற்றாசியம். பிறந்து மூன்று நான்கு வாரமான குழந்தை பால் குடித்ததும் பீச்சியடித்துச் சத்தி எடுத்தால், இரைப்பை வாசல் தடித்திருக்கிறதா என்று பார்ப்பதோடு இந்தக் கணக்கையும் சரிசெய்ய வேண்டும். சரியாகும்வரை சத்திரசிகிச்சை காத்திருக்கலாம்.

அதே சேலைனை வயிற்றோட்டக்காரருக்கு லீற்றர் லீற்றராக ஏற்றினால் அமிலம் கூடும். அதில் சோடியமும் குளோரைட்டும் லீற்றருக்கு 154 மில்லிமோல் என்று சமமாக உள்ளன. இரத்தத்தில் குளோரைட்டு 100 அளவில்தான். ஹாட்மன் திரவத்தில் குளோரைட்டு 111, அதோடு ஈரல் இருகாபனேற்றாக மாற்றிக்கொள்ளும் லக்டேட்டு 29. எந்தப் போத்தல் என்பது சின்ன விடயமில்லை.

மூச்சைத் தடுக்காதீர்கள்

சீனி வருத்தக்காரர் இன்சுலினை நிறுத்திவிட்டாலோ, காய்ச்சலில் அளவு போதாமல் போனாலோ கொழுப்பு எரிந்து கீற்றோன் அமிலங்கள் பெருகும். மூச்சு ஆழமாக, ஒழுங்காக, ஓடி வந்தவரைப் போல நடக்கும். பழம் அழுகிய மணம் வீசும். 1874இல் குஸ்மால் விவரித்த மூச்சு இது. வீட்டிலும் சில வேளை மருந்தகத்திலும் இதை முட்டு (ஆஸ்துமா) என்று எடுத்துக்கொண்டு மருந்துப் புகை பிடிக்க வைக்கிறார்கள். முட்டு என்றால் விசில் சத்தம் கேட்கும், வெளிவிடும் மூச்சு இழுபடும்; இங்கே நெஞ்சு துப்புரவாக இருக்கும், காற்று தாராளமாகப் போய்வரும். மூச்சு வாங்கும் யாருக்கும் விரலில் குத்திச் சீனி பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இப்படிப்பட்டவரின் இருகாபனேற்று 6 என்று வைப்போம். குறுக்குக் கணக்குப்படி காபனீரொட்சைட்டு 17 வரை இறங்கியிருக்கும், பிஎச் 7.17. அந்தரப்படுகிறார் என்று தூக்க ஊசி போட்டோ, குழாய் இறக்கி இயந்திரத்தை வழமையான வேகத்தில் விட்டோ அழுத்தத்தை 40க்குக் கொண்டுவந்தால் பிஎச் 6.80. ஓர் அமிலத் துளிகூடச் சேர்க்காமலே ஆளைக் கொன்றுவிடலாம். வேண்டியது நீர், இன்சுலின், பொற்றாசியம் மூன்றும். அமில நிலையில் பொற்றாசியம் கலத்தை விட்டு வெளியே வந்து இரத்தத்தில் போதியளவு இருப்பதாகக் காட்டும். இன்சுலின் ஏறியதும் உள்ளே ஓடி மளமளவென்று இறங்கும். பொற்றாசியம் 3.5க்குக் குறைவாக இருந்தால் அதை ஏற்றிய பிறகே இன்சுலின்.

டெங்கில் வேறு அமிலம். நாளங்களிலிருந்து நீர் கசிந்து இழையங்களுக்கு இரத்தம் எட்டாதபோது லக்டிக் அமிலம் சேர்கிறது. 2017இன் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு கடுமையாகப் பரவியதைத் திருகோணமலை மாவட்டத்தார் மறந்திருக்க முடியாது. தேறாத டெங்கு நோயாளியில் அமிலம், குருதிப்பெருக்கு, கல்சியம், சீனி ஆகிய நான்கையும் உடனே பார்க்கச் சொல்கிறது தேசிய வழிகாட்டி. சோடியம் இருகாபனேற்று ஊசி மருந்து இங்கே அவசரத்துக்குக் கை கொடுப்பதைவிட ஏமாற்றுவதே அதிகம். ஏற்றிய இருகாபனேற்று அமிலத்தோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகிறது. அதை ஊதித் தள்ள மூச்சில் வலு இல்லையென்றால் அது கலங்களுக்குள் நுழைந்து அங்கே அமிலத்தைக் கூட்டும். இரத்தத்தை ஓட வைத்தால் லக்டேட்டை ஈரலே எரித்துக் காரமாக்கிக்கொள்ளும்.

முட்டு நோயில் எண் ஏமாற்றும் இடம் வேறு. கடும் முட்டு தொடங்கும்போது வேகமாக மூச்சு விடுவதால் காபனீரொட்சைட்டு 30 அளவுக்கு இறங்கியிருக்கும். இரண்டு மணித்தியாலம் கழித்து அது 40 என்று வந்தால் அறிக்கையில் 'வழமை' என்று பதிவாகும். ஆள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தால் அந்த 40 தேறுதலைக் காட்டவில்லை. தசை களைத்துவிட்டது, அடுத்த எண் 60 ஆகலாம். நெடுங்காலம் புகைத்து நுரையீரல் கெட்டவரிடமோ 55, 60 பழகிப்போயிருக்கும், சிறுநீரகம் இருகாபனேற்றை 30க்கு மேல் ஏற்றி விகிதத்தைச் சரிக்கட்டியிருக்கும். அவருக்கு ஒட்சிசனை அளவின்றித் திறந்துவிட்டால் காபனீரொட்சைட்டு மேலும் ஏறி மயங்குவார். விரல்மானியில் ஒட்சிசன் 88 முதல் 92 வீதம் போதும்.

பயத்தில் மூச்சு விரைந்து விரல் நுனி விறைப்பது இதே கணக்கின் சாதுவான பக்கம். காரம் கூடக் கூட அல்புமின் கல்சியத்தை இறுகப் பிடித்துக்கொள்ள, நரம்பு கூசுகிறது. கடதாசிப் பையைப் பொத்தி மூச்சு விடச் சொல்லும் பழைய முறையை இப்போது விட்டுவிட்டார்கள், மாரடைப்போ நிமோனியாவோ இருந்தால் அது ஆபத்து.

இரத்தம் எடுக்கும்போது

இவ்வளவு நுணுக்கமான எண்ணைக் கெடுக்க ஒரு காற்றுக் குமிழி போதும். அறைக் காற்றில் காபனீரொட்சைட்டு இல்லாத குறை. குமிழிக்குள் அது தப்பிவிட, அறிக்கையில் தாழ்ந்து தெரியும். எடுத்த உடனே குமிழியைத் தள்ளி, மூடியிட்டு, சிறிஞ்சை உள்ளங்கையில் உருட்டிக் கலக்க வேண்டும். திரவ ஹெப்பாரின் அதிகம் மிஞ்சியிருந்தால் இரத்தம் ஐதாகி இருகாபனேற்றும் காபனீரொட்சைட்டும் சேர்ந்தே குறையும், அறிக்கை அமில நோய் போலக் காட்டும். சிறிஞ்சுக்குள்ளும் கலங்கள் உயிரோடிருந்து லக்டிக் அமிலம் செய்துகொண்டே இருக்கும்; நண்பகல் வெயிலில் அது இன்னும் வேகம். பிளாஸ்டிக் சிறிஞ்சு என்றால் 30 நிமிடத்துக்குள் இயந்திரத்துக்குப் போக வேண்டும், ஐஸில் புதைக்கத் தேவையில்லை. குளிர்ந்த பிளாஸ்டிக் வழியே ஒட்சிசன் கசியும், பொற்றாசியமும் பொய்யாக ஏறும். நோயாளியின் உடல் வெப்பநிலையையும், எவ்வளவு ஒட்சிசனில் இருந்தார் என்பதையும் படிவத்தில் எழுதாமல் விடுவது வழமையான குறை.

தேசிக்காயும் காரத் தண்ணீரும்

நாக்குக்குப் புளிப்பது இரத்தத்துக்கு அமிலம் என்றில்லை. தேசிக்காயிலுள்ள சித்திரிக் அமிலம் எரிந்து நீரும் காபனீரொட்சைட்டுமாகி மூச்சில் போய்விடும். பழத்தில் உப்பாகக் கிடக்கும் பொற்றாசியம் சித்திரேற்று காரமாக மிஞ்சும். புளிக்காத மீனோ 100 கிராமுக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல் அமிலத்தைச் சிறுநீரகத்தின் தலையில் கட்டும், அறக்குளாவானாலும் சூரையானாலும். அதே அளவு மரக்கறி 3 மில்லிமோல் அளவு காரம் தரும். மூன்று நேரமும் மீன் சாப்பிடும் ஊரில், சிறுநீரகம் சரியாக இருப்பவருக்கு இதனால் கேடு எதுவுமில்லை. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மீனைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுவது வில்லையின் ஒரு பங்கைச் செய்யும், பொற்றாசியம் கட்டுக்குள் இருக்கும்வரை.

பிஎச் 9 என்று விளம்பரம் செய்து விற்கும் காரத் தண்ணீரில் லீற்றருக்கு ஐதரொட்சைட்டு 0.01 மில்லிமோல். நாளுக்கு இரண்டு லீற்றர் குடித்தால் 0.02. உடல் அன்று கையாள வேண்டிய அமிலம் 70. அந்த 0.02உம் பிஎச் 2 அளவிலுள்ள இரைப்பையைத் தாண்டிப் போகாது. அப்பச்சோடா விடயத்தில் இப்படி அலட்சியம் செய்ய முடியாது: ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 5 கிராம், 60 மில்லிமோல் இருகாபனேற்று, அதே அளவு சோடியம். நெஞ்செரிவுக்கு இதைத் தினமும் கரைத்துக் குடிக்கும் பிரஷர்காரருக்கும் இதயம் தளர்ந்தவருக்கும் காரத்தைவிட அந்தச் சோடியமே முதலில் தொல்லை கொடுக்கும்.